ராமநாதபுரம் கடற்கரையில் கட்டணமில்லாத் தொலைக்காட்சி: டிஷ்ஷை நிறுத்துவதும் காப்பதும்

பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரை போன்ற ஊர்களில் பழைய வீடுகளின் மொட்டை மாடியில் மீன்முள் வடிவ ஆண்டெனாக்கள் சில இன்னும் துருவேறி நிற்கின்றன. அவற்றைத் துடைத்து மாட்டினால் டிஜிட்டல் தொலைக்காட்சி இலவசமாகக் கிடைத்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு என்பதால், முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரத்தின் 323 மீட்டர் உயரத் தூர்தர்ஷன் கோபுரத்தை நோக்கித் திருப்பிவைக்கப்பட்ட அந்த ஆண்டெனாக்கள் அனலாக் காலத்தவை. தூர்தர்ஷன் தன் அனலாக் தரைவழி ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை 2022ஆம் ஆண்டுவாக்கில் நாடெங்கும் நிறுத்திவிட்டது. 2016இல் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கப்பட்ட 16 நகரங்களில் சென்னை இருந்தது, ராமநாதபுரம் இல்லை. ஆண்டெனாவைக் கிழக்கே திருப்பி இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்த பழக்கமும் அங்கே டிஜிட்டலுக்கு மாறிவிட்டால் தொடராது. இலங்கை 2014இல் தேர்ந்தெடுத்தது ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி-டி முறை; நம் கடைகளில் விற்கும் பெட்டிகளில் தரைவழி டிஜிட்டல் ட்யூனர் இருந்தாலும் அது டி.வி.பி-டி2 முறையைச் சேர்ந்தது. ஆகவே மீன்முள்ளைக் கழற்றிவிடுங்கள். உள்ளே துரு அரிக்காமல் இருந்தால் அது நின்ற குழாயை டிஷ்ஷுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இங்கே மாதக் கட்டணமின்றிப் பார்க்க உகந்த வழி, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய இச்சேவை, இப்போது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து, சிறிய டிஷ்ஷாலேயே பிடிக்கக்கூடிய கேயு அலைவரிசையில் வருகிறது. தமிழ் மட்டுமே வேண்டும் என்பவர்கள் ஒன்றை அறிந்துகொண்டு பணம் செலவிடுவது நல்லது: பொதிகை என்ற பெயரிலிருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டிடி தமிழ் இதில் உண்டு, ஆனால் அலைவரிசைகளில் பெரும்பகுதி இந்தியே, முன்னணித் தனியார் தமிழ் அலைவரிசைகள் கட்டணச் சேவைகளில்தான் இருக்கின்றன.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. 60 அல்லது 65 சென்டிமீட்டர் டிஷ், 9750/10600 என்று குறிக்கப்பட்ட யுனிவர்சல் எல்.என்.பி. (டிஷ்ஷின் கைமுனையில் மாட்டிச் சிக்னலை வாங்கும் கருவி), ஆர்.ஜி-6 கேபிள், அதன் முனைக்கு எஃப் கனெக்டர், எம்பெக்-4 செட்டாப் பாக்ஸ் ஆகியவை போதும். புதிய தொலைக்காட்சிப் பெட்டிகள் சிலவற்றில் செயற்கைக்கோள் ட்யூனர் உள்ளேயே இருப்பதால், பாக்ஸ் வாங்குமுன் பெட்டியின் பின்புறத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி இடம். ராமநாதபுரத்திலிருந்து பார்த்தால் ஜிசாட்-15 வடக்கிலிருந்து வலமாக 122 பாகையில், அதாவது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் இடையே, தரையிலிருந்து 70 பாகை உயரத்தில் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் நின்றாலும் இந்த எண்கள் ஒரு பாகைக்கு மேல் மாறுவதில்லை. ராமநாதபுரம் நகரில் இருப்பவர் ராமேஸ்வரம் இருக்கும் திசைக்கு நேராகக் கையை நீட்டி, அங்கிருந்து விரித்த விரல்களால் ஒரு சாண் வலப்புறம் அளந்தால் ஏறத்தாழ அந்தத் திசை கிடைத்துவிடும். இவ்வளவு உயரத்தில் இருப்பதால் தென்னையும் பனையும் எளிதில் மறைப்பதில்லை: டிஷ்ஷைவிடப் பத்து மீட்டர் உயர்ந்த மரம்கூட நான்கு மீட்டர் தள்ளி நின்றால் போதும். இருந்தும் சந்தேகமாக இருந்தால் சூரியனையே சாட்சிக்கு அழைக்கலாம். மார்ச் 16ஆம் நாளை ஒட்டிக் காலை 11.15 மணி அளவிலும், செப்டம்பர் 27ஆம் நாளை ஒட்டிக் காலை 11 மணிக்குச் சற்று முன்பும் சூரியன் இந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும்; அந்நேரம் நீங்கள் தேர்ந்த இடத்தில் வெயில் விழுந்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருள். அதே நாள்களில் அதே நேரத்தில் படம் சில நிமிடங்கள் உடைவதும் இதனால்தான்; அப்போது ஸ்பேனரைத் தேட வேண்டாம்.

குழாயை ரசமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்துவதில் அவசரப்படாதீர்கள். குழாய் சாய்ந்திருந்தால் டிஷ்ஷின் முதுகில் உள்ள பாகை அளவுகோல் பொய் சொல்லும். அந்த அளவுகோலில் 70 வைத்த பிறகும் டிஷ்ஷின் முகம் வானத்தை அத்தனை நிமிர்ந்து பார்க்காது, பாதிச் சாய்வில் நிற்பதுபோலத்தான் தோன்றும். எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்கும் ஆஃப்செட் வகை டிஷ்ஷின் அமைப்பு அப்படி, எனவே கண்ணை நம்பி மேலும் நிமிர்த்த வேண்டியதில்லை.

அடுத்தது எல்.என்.பி.யின் திருகல், வடஇந்தியாவை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் குறிப்புகளைப் பின்பற்றுபவர்கள் இங்கே பெரும்பாலும் கோட்டைவிடுவது இதில்தான். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதாலும் செயற்கைக்கோள் நமக்குக் கிழக்கே விலகி நிற்பதாலும், எல்.என்.பி.யை ஏறக்குறைய 57 பாகை சுழற்ற வேண்டியிருக்கிறது. டிஷ்ஷின் பின்னால் நின்று வானத்தை நோக்கினால் கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசை. டிஷ்ஷின் முன்னால் நின்று அதன் முகத்தைப் பார்த்தால் கடிகாரமுள் திசை. இதைச் செய்யாமல் நேராக மாட்டிவிட்டு, டிஷ்ஷை மட்டும் நாள் முழுக்க இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்த அனுபவம் எனக்கே உண்டு.

பாக்ஸில் அலைவெண் 11090, செங்குத்துத் துருவம், சிம்பல் ரேட் 29500 என்று கொடுத்து, சிக்னல் அளவு காட்டும் திரையைத் திறந்து வையுங்கள். அங்கே வலிமை, தரம் என இரண்டு பட்டைகள் தெரியும். கேபிள் சரியாக இருந்தாலே வலிமைப் பட்டை ஏறிவிடும் என்பதால் அதைப் பொருட்படுத்தாமல் தரப் பட்டையை மட்டும் பாருங்கள். டிஷ்ஷைக் கிழக்கிலிருந்து தெற்கு நோக்கி விரற்கடை விரற்கடையாக நகர்த்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்று நான்கு நொடிகள் காத்திருங்கள். பாக்ஸ் சிக்னலைப் புரிந்துகொள்ள அந்த நேரம் வேண்டும். முழுச் சுற்றிலும் ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் உயரத்தை ஒரு பாகை மாற்றி மறுபடி தொடங்க வேண்டும். தரம் கிடைத்ததும் எல்.என்.பி.யை இருபுறமும் மெல்லச் சுழற்றி உச்சத்தைக் கண்டு, போல்ட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரே பக்கத்தை முழுதும் இறுக்கினால் டிஷ் நகர்ந்துவிடும். 91.5 பாகைச் செயற்கைக்கோளை நோக்கி ஏற்கெனவே மாட்டிய டிஷ் வீட்டில் இருந்தால் வேலை சுலபம்: கிழக்குப் பக்கமாக 4 பாகை திருப்பி, 2 பாகை தாழ்த்தினால் போதும்.

சிக்னலைப் பிடிப்பது ஒரு காலைப்பொழுது வேலை. உப்புக்காற்றிலிருந்து அதைக் காப்பாற்றுவதுதான் இந்தக் கரையில் பெரிய வேலை. என் வீட்டில் மாட்டிய முதல் டிஷ் நன்றாகத்தான் இருந்தது, அதைப் பிடித்திருந்த சாதாரண நட்டுகள் ஒரே ஆண்டில் தகடுதகடாக உதிர்ந்துவிட்டன. ஜி.ஐ. எனப்படும் துத்தநாகப் பூச்சு கனமாக உள்ள குழாயையும், துருப்பிடிக்காத எஃகு போல்ட், நட்டு, வாஷர்களையும் கேட்டு வாங்குங்கள். விலைவேறுபாடு ஒரே பருவத்தில் ஈடாகிவிடும். மரைகளில் கிரீஸ் தடவிய பிறகு இறுக்கினால் அடுத்த முறை கழற்றவும் முடியும். எஃப் கனெக்டரின் மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், அப்போதுதான் மழைநீர் ஓட்டின்மேல் வழிவதுபோல வழிந்துவிடும். கேபிள் சுவரில் நுழையுமுன் ஒரு வளையம் தொங்கவிட்டால் நீர் அதன் அடியிலேயே சொட்டிவிடும். கேபிள் முனையில் செம்பு பச்சை பூத்திருந்தால் துடைத்துப் பயனில்லை, ஒரு சாண் வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போடுங்கள்.

காற்றைப் பொறுத்தவரை, கைப்பிடிச் சுவரின் உட்பக்கத்தில் தாழ்வாக மாட்டிய டிஷ் உயரக் குழாயில் நிற்பதைவிட நெடுநாள் நிலைக்கும்; செயற்கைக்கோள் தலைக்குமேல் இருக்கும்போது உயரம் தேடுவதில் பொருளில்லை. எட்டடி வலை டிஷ் வைத்துச் சி அலைவரிசை பிடிக்கும் ஆர்வலர்களுக்குக் கான்கிரீட் பீடம் இல்லாமல் இங்கே கட்டுப்படியாகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சில நிமிடங்கள் படம் நின்றால் அது கேயு அலைவரிசையின் இயல்பு, மழை தணிந்ததும் திரும்பிவிடும். இடி தொடங்கினால் பாக்ஸின் மின்சாரத்தை நிறுத்திக் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மழை விட்டு ஒரு நாள் கழித்தும் தரம் குறைவாகவே இருந்தால், டிஷ்ஷைத் தொடுமுன் கனெக்டரைக் கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.