கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் வீடு காட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன கிழமை மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு வீட்டைக் கடந்து போனேன். மதிலில் ‘விற்பனைக்கு’ என்ற பலகை. உள்ளே ஒரு தம்பி குழாயைப் பிடித்து முற்றத்து மணலுக்கு நீர் அடித்துக்கொண்டிருந்தார். கிணற்றடியில் மோட்டார் இரைந்தது. வாங்குகிறவர்கள் பின்னேரம் வருகிறார்களாம். வீடு விற்றுக் கொடுக்கிற நானும் 17 வருடங்களுக்கு முன் இப்படித்தான் நின்றேன், இதே பெருமையோடு. மோட்டாரை நிறுத்தச் சொன்னேன், சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சிலந்தி வலை, கறை பிடித்த மலசலகூடம், எரியாத மின்குமிழ் எல்லாம் கண்ணுள்ளவருக்குத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிணற்றை இறைத்து வீட்டை மினுக்குவது

அன்றைக்கு என் கையில் இருந்தது 20 பேர்ச் வளவு, வெளிநாட்டில் இருந்த ஒருவரின் வீடு. ஆவணி மாதம். குழாய்த் தண்ணீர் நேரம் வைத்துத்தான் வந்தது. மல்லிகை வாடிவிட்டது, மதிலெல்லாம் புழுதி. கிணறு இருக்கிறதே என்று மூன்று நாள் காலையும் இரவும் மோட்டாரை ஓடவிட்டேன். மதில் கழுவினேன், விறாந்தை கழுவினேன், வாடிய செடிக்கெல்லாம் வார்த்தேன். சனிக்கிழமை காலையில் வீடு பளபளத்தது.

நம்மூரில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போவது. ஆகவே பார்க்க வருகிறவர்களில் முடிவெடுப்பவர் பெரும்பாலும் பெண்ணின் தாய். அன்று வந்த அம்மா விறாந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குசினிக்குள் ஒரு பார்வை, பிறகு நேரே கிணற்றடி. வாளியை இறக்கி அள்ளினார், உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வாளியைத் தம் தமையன் பக்கம் நகர்த்தி, “அண்ணன், நீங்கள் ஒருக்கால் குடித்துப் பாருங்கள்” என்றார். அவர் குடித்தார், துப்பினார், “உவர்” என்றார். அவ்வளவுதான். போன கிழமை வரைக்கும் நல்ல தண்ணீர் என்று நான் சொன்னது உண்மை. யார் நம்புவார்கள்?

கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி எல்லாம் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று கிடக்கும் மணல் திட்டு. மாரி மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அதைத்தான் நாம் கிணறு என்று அள்ளுகிறோம். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே இறைத்துக் குறைத்தால் கீழே இருக்கும் உப்பும் அந்தக் கணக்கிலேயே ஏறப் பார்க்கும். மழையில்லாத மாதத்தில் மூன்று நாள் விடாமல் இறைப்பது உப்பைக் கைபிடித்து அழைத்து வருவது போன்றது. ஏறிய உப்பு மோட்டாரை நிறுத்தியவுடன் இறங்கிவிடாது. என் கிணறு தெளிய மார்கழி மழை வேண்டியிருந்தது. அதற்குள், “அந்த வீட்டுக் கிணறு உவர்” என்று ஊரே பேசிவிட்டது. வீடு விற்றது, சொன்ன விலைக்கு அல்ல.

இப்போது இதைவிட மோசமான ஒன்று தொடங்கியிருக்கிறது. பவுசரில் (தண்ணீர் லொறியில்) தண்ணீர் எடுத்துக் கிணற்றுக்குள் ஊற்றுகிறார்கள், ருசி மாறுமாம்! மணல் கிணறு தொட்டி இல்லை. ஊற்றிய நீர் சுற்றியுள்ள மணலுக்குள் ஊறிப்போகும்; மட்டம் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஊரே குடத்தோடு அலையும்போது ஒரு பவுசர் தண்ணீரை மணலுக்குக் கொடுத்தீர்கள். போதாததற்கு, பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்க வருகிறவர் முதலில் விசாரிப்பது அவரிடம்தான். இது தவறுகூட இல்லை, ஏமாற்று.

வீடு காட்டும் நாளுக்கு முன் கிணற்றை இரண்டு நாள் ஆறவிடுங்கள். தாங்கி நிரப்பத்தான் வேண்டுமென்றால் காலையில் கால் மணி, மாலையில் கால் மணி. உறிஞ்சு குழாயின் வாயை அடிமட்டத்தில் வைக்காமல் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தூக்கிக் கட்டுங்கள். வந்தவர்களிடம் வாளியை நீங்களே கொடுங்கள். தை மாதத்தில் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான். ஆவணியில் நான்கு அடி நல்ல தண்ணீர் நிற்கிறதென்றால் நீங்கள் காட்ட வேண்டியது அதைத்தான், மல்லிகையை அல்ல. கிணற்று வளையத்தில் மாதாமாதம் நீர்மட்டத்துக்குக் கோடு போட்டு வைத்திருக்கிற வீட்டை நான் பேரம் இல்லாமலே விற்றிருக்கிறேன்.

புதுப் புல்

நடாதீர்கள்.

முற்றம்

கூட்டிய வெண்மணலுக்கு நிகரான அலங்காரம் இல்லை. ஈர்க்கு விளக்குமாற்றின் வரி விழும்படி கூட்டிவிட்டு அதில் நடக்காமல் இருங்கள். காய்ந்த வாழை இலைகளை வெட்டுங்கள். கச்சான் காற்றில் செடி வாடியிருப்பதை இந்த ஊரில் ஒருவரும் குறையாக எடுக்கமாட்டார்கள். ஊரே வாடிக் கிடக்கையில் ஒரு வளவு மட்டும் பச்சையாக இருந்தால்தான் சந்தேகம்.

சேமித்த தண்ணீர்

பீப்பாய், வாளி, பானை எல்லாவற்றையும் மூடுங்கள். டெங்கு நுளம்பு சேமித்து வைத்த தெளிந்த நீரிலும் முட்டையிடும். முட்டை நுளம்பாக ஒரு கிழமை அல்லது பத்து நாள் போதும். வளவில் நுளம்பு பெருகவிட்டால் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்கு வரலாம். வீடு பார்க்க வந்தவர் பீப்பாயை எட்டிப் பார்த்துப் புழு நெளிவதைக் கண்டால் அதற்கு முன்பே போய்விடுவார்.

குழாய் வரும் நேரத்தை மறைப்பது

மறைக்காதீர்கள். நகரத்துக்கு உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது என்பதும், குளம் வற்றினால் குழாயும் மெலியும் என்பதும் அவர்களுக்கும் தெரியும்.

பூட்டிக் கிடந்த வீட்டின் நாற்றம்

இதற்குத்தான் தண்ணீர் செலவழிக்க வேண்டும், அதுவும் கொஞ்சம். குளியலறைத் துவாரத்துக்குக் கீழே வளைந்த குழாயில் தேங்கி நிற்கும் நீர்தான் நாற்றத்தைத் தடுக்கிறது. ஒரு மாதம் ஆள் இல்லாவிட்டால் அது வற்றிவிடும். சாம்பிராணி போட்டால் நாற்றத்தோடு புகையும் சேரும். ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு கோப்பை தண்ணீர், அதற்கு மேல் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய். எண்ணெய் படர்ந்தால் நீர் சீக்கிரம் வற்றாது. முதல் நாள் இரவே ஊற்றிவிட்டு ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். காலையில் ஊற்றினால், ஏறியிருக்கும் நாற்றம் வெளியே போக நேரம் போதாது.