செரீ ஆ பருவங்களை விரிதாளில் தொகுப்பது எப்படி?

இத்தாலிய முதல்நிலைக் கால்பந்து லீக்கான செரீ ஆவின் சாம்பியன் பட்டியலை விரிதாளில் தொகுப்பது அரை மணி நேர வேலை என்று எண்ணித்தான் தொடங்கினேன். மூன்று மாலைகள் போயின. நான் தடுக்கி விழுந்த இடங்களை மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

படி 1: தொடக்க ஆண்டு. முதல் சாம்பியன்ஷிப், 1898 மே 8 அன்று தூரினில் 4 அணிகளோடு ஒரே நாளில் நடந்து முடிந்தது, ஜெனோவா வென்றது. அதன்பின் பல ஆண்டுகள் பிராந்தியக் குழுக்களும் இறுதியாட்டங்களுமாகப் போட்டிமுறை மாறிக்கொண்டே இருந்தது. 1921-22இல் கூட்டமைப்பு பிளவுபட்டதால் புரோ வெர்செல்லி, நோவேசே என ஒரே பருவத்துக்கு இரண்டு சாம்பியன்கள் உண்டு. எனவே, எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதும் ஒரே பிரிவு லீக் பிறந்த 1929-30இலிருந்து தொடங்குங்கள். அதன் முதல் சாம்பியன் அம்ப்ரோசியானா, அதாவது இன்றைய இன்டர்.

படி 2: பருவத்தின் பெயர். ‘2004-05’ என்று தட்டினால் மென்பொருள் அதை 2004 மே மாதம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். 1998-99க்கு இந்தச் சிக்கல் இல்லை, ஏனெனில் 99ஆம் மாதம் என ஒன்று கிடையாது. ஆகவே 2000-01 முதல் 2011-12 வரையிலான 12 வரிசைகள் மட்டும் தேதிகளாக மாறி, வரிசைப்படுத்தும்போது இடம் பெயர்ந்துவிடும். கட்டத்தின் வடிவத்தை ‘உரை’ என்று மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோப்பை வேறு வடிவில் சேமித்துத் திறந்தால் அதே சிக்கல் திரும்ப வரலாம். தொடங்கிய ஆண்டுக்கு ஒரு நெடுவரிசை, முடிந்த ஆண்டுக்கு இன்னொன்று என வைப்பதே நல்லது.

படி 3: விடுபட்ட பருவங்கள். இங்குதான் நான் ஏமாந்தேன். 2024-25 வரை 96 வரிசைகள் வரும். சாம்பியன் நெடுவரிசையில் நிரம்பிய கட்டங்களை எண்ணியபோது 93 வந்தது. 2024-25தான் ஒரே பிரிவு லீக்காக நடந்த 93ஆவது செரீ ஆ பருவம் என்று படித்திருந்ததால், எல்லாம் சரி என்று முடித்துக்கொண்டேன். உண்மையில் அவை வேறு வேறு 93கள். போரால் 1943-44, 1944-45 இரண்டிலும் லீக் நடக்கவில்லை; அவை இரு கணக்கிலும் இல்லை. (1944இல் லா ஸ்பேசியாவின் தீயணைப்புப் படை அணி வென்ற போட்டிக்கு 2002இல் கௌரவ அங்கீகாரம் மட்டுமே கிடைத்தது.) 1945-46இல் வடக்கு, தெற்கு எனப் பிரித்து ஆடியதால் அது ஒரே பிரிவு லீக் அல்ல, ஆனால் டொரினோ அதிகாரபூர்வ சாம்பியன். 2004-05இலோ முழு லீக்கும் நடந்தது. ஆனால் கால்சியோபோலி எனப்படும், நடுவர் நியமனங்களில் செல்வாக்குச் செலுத்திய ஊழலுக்குப்பின் யுவென்டஸின் பட்டம் பறிக்கப்பட்டு, யாருக்கும் வழங்கப்படவில்லை. ஒன்றின் கூடுதலை மற்றொன்றின் குறைவு மறைத்துவிடுகிறது. ஆகவே ‘ஒரே பிரிவு லீக்கா’ என்று ஆம்/இல்லை நெடுவரிசை ஒன்றைத் தனியாக வையுங்கள். அதே ஊழலால் யுவென்டஸ் இழந்த 2005-06இன் பட்டமோ இன்டருக்குப் போனது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள்.

படி 4: புள்ளிகள். 1994-95இலிருந்துதான் வெற்றிக்கு 3 புள்ளிகள். அதற்கு முன் 2. 1993-94இல் மிலான் 19 வெற்றி, 12 சமன், 3 தோல்வியோடு 50 புள்ளிகள் எடுத்தது. புதிய முறையில் அது 69. புள்ளிகளை நேரடியாக ஒப்பிடாமல், வெற்றி, சமன் எண்ணிக்கைகளை உள்ளிட்டுச் சூத்திரத்தால் கணக்கிடுங்கள். அணிகளின் எண்ணிக்கையும் மாறியிருப்பதால் (1947-48இல் 21, 1967-68 முதல் 16, 2004-05 முதல் 20) அதற்கும் ஒரு நெடுவரிசை தேவை.

பின்சேர்க்கை: 1963-64இல் முதலிரு அணிகளுக்கும் ஒரே புள்ளி வருகிறதே, பிழையா என்று ஒரு வாசகர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். பிழையில்லை. போலோன்யாவும் இன்டரும் 54 புள்ளிகளில் சமநிலையில் நின்றதால், ரோமில் தனியாக ஓர் ஆட்டம் நடத்தப்பட்டு, போலோன்யா 2-0 என வென்றது. அந்த ஆட்டத்தின் வெற்றியைச் சூத்திரத்தில் சேர்த்துவிடாமல், குறிப்பு நெடுவரிசையில் மட்டும் எழுதுங்கள்.