வெள்ளிக் கணக்கில் மில்லிகிராம் தொலையாமல் இருக்க

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையின் கணக்கை போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸிலிருந்து மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுத்தேன். பழைய டேட்டாபேஸில் 48.375 கிராம் என்றிருந்த ஜோடி, புதியதில் வெறும் 48 ஆக உட்கார்ந்திருந்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. வெள்ளி விற்கிற விலைக்குப் பட்டறைக்காரர் சும்மா விடுவாரா?

தப்பு என்னுடையதுதான். போஸ்ட்கிரெஸில் எண்ணின் வகையை 'நியூமெரிக்' என்று மட்டும் எழுதினால் கொடுத்த தசமம் அப்படியே நிற்கும். மைஎஸ்க்யூஎல்லில் அதே சொல்லுக்கு டெசிமல்(10,0) என்று அர்த்தம்; அதாவது மொத்தம் 10 இலக்கம், அதில் தசம இடம் 0. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை ரவுண்டு செய்துவிடும். எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸிலும் இதே கதை, அங்கே (18,0). அதனால் டெசிமல்(12,3) என்று அளவை நீங்களே எழுதிவிடுங்கள். எத்தனை தசமம் தேவை என்று ஊகிக்க வேண்டாம். போஸ்ட்கிரெஸில் ஸ்கேல் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, ஒரு எண்ணில் எத்தனை தசம இடம் என்று சொல்லும்; எடை இருக்கும் நெடுவரிசையில் (column) அதன் அதிகபட்சத்தைக் கேட்டால் போதும்.

எண்ணைத் தோராயமாகச் சேமிக்கும் ஃபுளோட் வகையின் பக்கம் போகவே வேண்டாம். 0.1 கூட அதில் துல்லியமாக நிற்காது.

அப்புறம், இடையில் தரவை எடுத்துப்போகும் சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட் ஃபைல்) எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். ஒரு எண் 15 இலக்கத்துக்கு மேல் போனால் மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். மாற்றி முடித்ததும் இரண்டு பக்கமும் எடையின் கூட்டுத்தொகையை ஒப்பிட்டு, நீளமான தசமம் உள்ள நாலைந்து வரிகளைக் கண்ணாலும் பார்த்துவிடுங்கள்.