ஐயாவின் புத்தகத்தில் ஐயா எங்கே? தன்வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஐயாவுக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, 2017இல் சதாபிஷேகம். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு கொடுக்கத் தன் வாழ்க்கையை எழுதி, டைப் செய்யச் சொல்லி நோட்டை என்னிடம் கொடுத்தார். முதல் பதினொரு பக்கமும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்த கதை, எங்கள் ஒன்பது கோயில்களின் பெருமை. ஐயா பிறப்பதே பன்னிரண்டாம் பக்கத்தில்தான்.

செட்டிநாட்டில் மணிவிழாவுக்கும் சதாபிஷேகத்துக்கும் அச்சாகும் புத்தகங்கள் பலவற்றில் நான் பார்க்கும் முதல் தவறு இது. அந்த ஒன்பதில் உள்ள பிள்ளையார்பட்டியையும் இளையாத்தங்குடியையும் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. உங்கள் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) நடந்ததை எழுத நீங்கள் மட்டும்தான். ஆகவே வம்ச வரலாற்றை ஒரு பக்கத்தில் முடியுங்கள். விட மனமில்லையா, கடைசியில் பின்னிணைப்பாகப் போடுங்கள்.

அடுத்தது, வாழ்க்கையை ஐந்தொகையாக, அதாவது வருட முடிவில் போடும் வரவு செலவு இருப்புக் கணக்காக எழுதுவது. தலைமுறை தலைமுறையாகக் கணக்கெழுதிப் பழகிய கை அல்லவா! வாங்கிய நிலம், கட்டிய கடை, கும்பாபிஷேகத்துக்குக் கொடுத்த தொகை என்று முடிவுக் கணக்கு மட்டும் நிற்கும். படிக்கிறவருக்கு வேண்டியது நாள்வழி, அன்றாடக் கணக்கு. அன்றைக்கு என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், கையில் என்ன இருந்தது?

ஐயாவின் நோட்டில் ஒரு வரி: ‘1941இல் தந்தையார் பர்மாவிலிருந்து தாயகம் திரும்பினார்.’ அவ்வளவுதான். மூன்று வருடக் கணக்குக்கு (வேலைத் தவணைக்கு) ரங்கூன் போன மனிதர் எப்படித் திரும்பினார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். அப்போது ஐயாவுக்கு ஆறு வயது. முகப்பில் விளையாடிக்கொண்டிருந்தபோது தாடியும் வீங்கிய காலுமாக, செருப்பில்லாமல் ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். இவர் உள்ளே ஓடி, “ஆத்தா, பிச்சைக்காரர் வந்திருக்கார்” என்று சொல்லி, ஆழாக்கில் அரிசி எடுத்து வந்து நீட்டியிருக்கிறார். வந்தவர் துண்டை விரித்து அந்த அரிசியை வாங்கிக்கொண்டாராம். ஆத்தா வந்து பார்த்த பிறகுதான் அது தன் அப்பச்சி (அப்பா) என்று தெரிந்திருக்கிறது.

“இதை ஏன் ஐயா எழுதவில்லை?” என்றேன். “ஊர் சிரிக்கும்டா.”

கௌரவத்துக்காக வீழ்ச்சியை மறைப்பதுதான் பெரிய தவறு என்பேன். பிறகு அந்த வீட்டில் பித்தளைப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. விலாசம் (குடும்பப் பெயரெழுத்து) வெட்டிய எங்கள் அண்டா ஒன்றை, பல வருடம் கழித்துக் காரைக்குடி பழம்பொருள் கடையில் ஐயாவே பார்த்திருக்கிறார். விலை கேட்டுவிட்டு வந்துவிட்டார். இதுவும் நோட்டில் இல்லை. கூச்சமாக இருந்தால் ஒரு வழி உண்டு. சிறுகூடல்பட்டிக்காரரான கண்ணதாசன் தன் வாழ்க்கை வரலாறான ‘வனவாச’த்தில் தன்னை ‘அவன்’ என்றே எழுதினார். முதல் பிரதியை அப்படி எழுதிப் பாருங்கள். கை தானாக ஓடும்.

சரி, மேலே உள்ள வரியில் இன்னொரு பிழையும் இருக்கிறது: 1941. நினைவை மட்டும் நம்பி வருடம் போடக் கூடாது. மரப்பெட்டியில் பாட்டையா (ஐயாவின் அப்பா) வரும் வழியில் கல்கத்தாவிலிருந்து போட்ட கடிதம் இருந்தது. ‘விஷு வருடம் மாசி மாதம்’ என்று தேதி. ஐயா பஞ்சாங்கத்தில் விஷு என்றால் 1941 என்று பார்த்து அப்படியே எழுதிவிட்டார். தமிழ் வருடம் சித்திரையில் பிறக்கிறது. ஆகவே விஷுவின் மாசி, 1942 பிப்ரவரி-மார்ச்சில் வரும். ரங்கூனில் ஜப்பானியர் குண்டு விழுந்தது 1941 டிசம்பரில். அதற்குப் பிறகுதான் பாட்டையா அங்கிருந்து நடந்து கிளம்பினார். ஐயாவின் கணக்குப்படி, பாட்டையா குண்டு விழுவதற்குப் பத்து மாதம் முன்பே நடக்க ஆரம்பித்துவிட்டார்! அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதையும் மறக்க வேண்டாம். மொய் ஏடு, பத்திரம், பழைய பாஸ்போர்ட் எல்லாவற்றையும் முதலில் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

நடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘அன்னார்’, ‘யான்’ வேண்டாம். பட்டாலையை (எங்கள் வீடுகளின் கூடத்தை) பட்டாலை என்றே எழுதுங்கள்.

‘ஓய்வு கிடைக்கட்டும்’ என்று தள்ளிப்போடவும் வேண்டாம். உ.வே.சா. தன் சரித்திரத்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940இல், 85 வயதை நெருங்கும்போது. 1942 ஏப்ரலில் அவர் காலமானபோது அது முடியவில்லை.

கடைசியாக ஒன்று. ஐயாவின் நோட்டில் அப்பத்தாவுக்கு ஒதுக்கியிருந்தது ஒரே வரி: ‘என் துணைவியார் எல்லாவற்றிலும் உறுதுணையாக இருந்தார்.’ வாசித்துக் காட்டியதும் அப்பத்தா, “அம்பது வருஷத்துக்கும் மேல ஆக்கிப் போட்டதுக்கு ஒரு வரியா?” என்று கேட்டுவிட்டார். ஐயா மறுபடி நோட்டை எடுத்தார். ஐயா பினாங்கில் இருந்த வருடங்களில் தான் தனியாக வீட்டை நடத்திய விதத்தை அப்பத்தா சொல்லச் சொல்ல, ஐயா எழுதினார். புத்தகத்தில் நீளமான அத்தியாயம் அதுதான். ஆனால் உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதியதை அவர்களிடம் காட்டாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. அப்பத்தா முழுதும் கேட்டுவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் எடுக்கச் சொன்னார். ஐயா ஒன்றும் கேட்காமல் கிழித்துக் கொடுத்தார். டைப் செய்தவன் நான் என்றாலும், அதில் இருந்ததை இங்கே எழுதப் போவதில்லை.