லில்லிக்கு மருந்து அடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

லில்லி இலையில் ஓட்டையோ புள்ளியோ தெரிந்ததும் பலர் செய்வது ஒன்றுதான், வீட்டில் எந்த மருந்து மிச்சம் இருக்கிறதோ அதை எடுத்து அடித்துவிடுவது. நானும் அப்படித்தான் இருந்தேன். பூஞ்சை நோய்க்குப் பூச்சிமருந்தை அடித்துவிட்டு, ஒரு வாரத்தில் இன்னும் நான்கு இலை காய்ந்ததும் மருந்து போலி என்று திட்டிக்கொண்டிருந்தேன். போலி மருந்தில்லை, என் கணிப்புதான்.

ஓட்டை இருந்தால் ஏதோ ஒன்று தின்றிருக்கிறது. சிவப்பு லில்லி வண்டு உள்ள இடமென்றால் முதலில் அதைத் தேடுங்கள். 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளம்தான், ஆனால் பளிச்சென்ற சிவப்பு, கண்ணில் படாமல் போகாது. வண்டைப் பிடித்துப் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு, ஏனென்றால் முட்டைகள் இலையின் அடியில் வரிசையாக ஒட்டியிருக்கும், புழுக்களோ தங்கள் கழிவையே மேலே பூசிக்கொண்டு பார்ப்பதற்குப் பறவை எச்சம் மாதிரி இருப்பதால் நாம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவோம். உண்மையில் இலையை மொட்டையடிப்பதில் பெரும்பங்கு அந்தப் புழுவுக்குத்தான். இன்னொன்று, தொட்டதும் வண்டு கீழே மல்லாந்து விழும், அதன் வயிறு கறுப்பு, மண்ணில் விழுந்தால் தேட முடியாது. அடியில் ஒரு கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு தட்டுங்கள்.

இனி புள்ளி. தண்ணீர் கோத்தது போல முட்டை வடிவத்தில் தொடங்கி, நடுவில் வெளிறி, ஓரம் பழுப்பாகி, கீழ் இலைகளிலிருந்து மேல்நோக்கி ஏறினால் பெரும்பாலும் அது போட்ரைடிஸ் என்ற பூஞ்சை. குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். சாயங்காலம் செடியின் தலையில் தண்ணீர் ஊற்றுவதும், காற்று புகாதபடி நெருக்கி நடுவதும், நாமே அதற்கு விருந்து வைப்பது மாதிரி. பூஞ்சைக்கொல்லி அடித்தால் பழைய புள்ளி மறையும் என்று காத்திருக்காதீர்கள், மறையாது. அது இன்னும் நோய் தொடாத இலைகளைக் காக்கத்தான், அதனால் அடிப்பக்கமும் நனைய வேண்டும். உதிர்ந்த இலைகளை அங்கேயே போட்டுவைத்தால் பூஞ்சை அதில் தங்கி அடுத்த பருவத்துக்கும் வரும், பொறுக்கி அப்புறப்படுத்துங்கள்.

பயந்துபோய்த் தண்டையே வெட்டிவிடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வருத்தம். வெட்டிய தண்டு அந்தப் பருவத்தில் திரும்பத் தழைக்காது, கிழங்குக்குச் சாப்பாடு போவது இலை வழியாகத்தான். இந்தப் பூஞ்சை கிழங்குக்குள் போவது அரிது, நோயுள்ள இலைகளை மட்டும் கிள்ளுங்கள், பச்சையாக இருப்பதை விட்டுவையுங்கள்.

மஞ்சளடித்தால் உடனே தண்ணீர் ஊற்றுவது இன்னொரு பழக்கம். பூக்கும் முன்பே கீழ் இலைகள் மஞ்சளாகிச் செடி குட்டையாக நின்றால் கிழங்கைத் தோண்டிப் பாருங்கள். அடிப்பகுதி பழுப்பாகி, செதில்கள் கையோடு கழன்று வந்தால் அது ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் வரும் அழுகல், தண்ணீர் அதை இன்னும் மோசமாக்கும். அந்தக் கிழங்கைத் தூக்கிப் போடுங்கள், அதே இடத்தில் சில ஆண்டுகளுக்கு லில்லி வேண்டாம். உச்சி இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது நோயே இல்லை, காரத்தன்மை கூடிய மண்ணில் வரும் இரும்புச்சத்துக் குறை. பூத்து முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாவதோ இயல்பு, விடுங்கள்.

அப்புறம் வேப்பெண்ணெய். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும், அந்தக் கருகலைப் புது நோய் என்று நினைத்து மறுபடி அடிப்பவர்களும் உண்டு. பூ விரிந்திருக்கும்போது எதுவும் அடிக்காதீர்கள், தேனீக்கள் வரும்.

இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் கோடுகோடாக மாறிமாறி வந்து, மொட்டும் கோணிக்கொண்டால் அது வைரஸ். அதற்கு மருந்து கிடையாது, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அதை அடுத்த செடிக்குச் சுமந்து போகும். இவ்வளவு நாள் வளர்த்தோமே என்று மனசு கேட்காது, இருந்தாலும் கிழங்கோடு பிடுங்கித்தான் ஆக வேண்டும். புலி லில்லி எந்த அறிகுறியும் காட்டாமலே வைரஸை வைத்திருக்கக்கூடியது, அதனால் மற்ற லில்லிகளுக்குப் பக்கத்தில் அதை நடாமல் தள்ளி நடுங்கள்.