ஆட்டிசம் உள்ளவரின் வாழ்க்கைத் தரத்தை அவரிடமே கேட்டு அளப்பது எப்படி

சேலத்தில் ஒரு சிறப்புப் பள்ளியிலோ பயிற்சி மையத்திலோ ஆட்டிசம் உள்ள இளைஞரின் வாழ்க்கைத் தரத்தை அறிய ஒரு படிவம் எடுத்தால், அது பெரும்பாலும் தாயின் கைக்கே போய்ச் சேர்கிறது. தாய் எழுதுவது பொய்யன்று. ஆயினும் அது தாய் பார்த்த வாழ்க்கை. பெற்றோரும் பிள்ளையும் தனித்தனியே நிரப்பிய படிவங்களை ஒப்பிட்டால், மனநிலை, நட்பு போன்ற வெளியே தெரியாத பகுதிகளில் விடைகள் அடிக்கடி விலகி நிற்கின்றன. எனவே பேசியோ, எழுதியோ, அட்டையைச் சுட்டியோ தம் கருத்தைத் தெரிவிக்கக்கூடிய எவராயினும் முதலில் அவரிடமே கேட்க வேண்டும். பெற்றோரின் படிவத்தைத் தனியாக வாங்கித் தனியாகவே வைத்திருக்க வேண்டும்.

13 முதல் 18 வயது வரை, இளையோரின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் பெட்ஸ்கியூஎல் (PedsQL) என்னும் 23 வினாக்கள் கொண்ட படிவம் பொருந்தும். அது கடந்த ஒரு மாதத்தில் உடல்நலம், உணர்வு, பிறரோடு பழகுதல், பள்ளி ஆகியவற்றில் இருந்த சிரமங்களைக் கேட்கிறது. 18 வயதைக் கடந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 26 வினாக்கள் கொண்ட சுருக்கப் படிவம் தமிழிலேயே உள்ளது. அது கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியது. இரண்டுமே பொதுமக்களுக்காக உருவானவை. ஆகவே, ஆட்டிசம் உள்ள பெரியவர்களையும் கலந்து இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டு 2018-இல் வெளிவந்த ஏஎஸ்கியூஓஎல் (ASQoL) என்னும் 9 வினாக்களை இரண்டாவது படிவத்தோடு சேர்த்துக் கேட்பது நல்லது. ஒலி, ஒளி போன்ற புலன் தொல்லைகள், ஆட்டிசத்தைத் தம் அடையாளமாக ஏற்க முடிகிறதா என்பது போன்றவற்றை அது தொடுகிறது. எதையும் பயன்படுத்துமுன் உரிமையாளரின் அனுமதியைப் பெறுங்கள். தமிழாக்கம் இல்லாத வினாவை எதிரில் உட்கார்ந்தபடி வாய்க்கு வந்தவாறு மொழிபெயர்க்க வேண்டாம். 18 வயதுக்குக் கீழானவருக்குப் பெற்றோர் ஒப்புதலோடு அவருடைய சம்மதமும் வேண்டும்.

உண்மையான வேலை கேட்கும் விதத்தில்தான் இருக்கிறது. வினாக்களை முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். திடீரென்று கேட்டால் அவர் சொல்வது பதற்றத்தின் விடையாகவே இருக்கும். 'எப்படி உணர்கிறீர்கள்' என்பதே பலருக்குக் கடினம், ஏனெனில் தம் உணர்வைப் பெயரிட்டுச் சொல்வதில் ஆட்டிசம் உள்ளவர்களில் கணிசமானோருக்குத் தடுமாற்றம் உண்டு. ஆகவே காலண்டரில் அந்த இரண்டு வாரங்களைக் குறித்துக் காட்டி, 'இதில் எத்தனை நாள் தம்பி இப்படி இருந்தது?' என்று தொடங்கலாம். ஐந்து விடைகளையும் ஐந்து அட்டைகளில் எழுதி வைத்து எடுக்கச் சொல்லுங்கள். விளக்கம் கேட்டால் எல்லாருக்கும் ஒரே விளக்கத்தைத் தந்து, அதைக் குறித்து வையுங்கள். 'நல்லாத்தானே இருக்க?' என்று கேட்டுவிட்டால் அந்த விடை உங்களுடையது, அவருடையது அன்று.

சுற்றுப்புறம் பற்றிய வினாவில் குறிப்பாகக் கவனம் வேண்டும். அம்மாபேட்டையில் விசைத்தறிக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்த ஒருவருக்குத் தறிச் சத்தம் தொல்லை என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். அந்த ஒரே சீரான ஓசை அவருக்கு ஆறுதலாக இருந்து, தறி நிற்கும் மின்தடை நேரமே பதற்றம் தருவதாக இருக்கலாம். போக்குவரத்து பற்றிய வினாவுக்கு, ஏற்காட்டில் வசிப்பவர் பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கோடை விழாக் கூட்டத்தையும் நினைத்து விடை தருவார்; நாம் கட்டண விலையை நினைத்துக்கொண்டிருப்போம்.

அதே காரணத்தால் கேட்கும் நாளையும் பார்த்துத் தேர்வு செய்யுங்கள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவின் வெடிச் சத்தம் ஓயாத நாட்களிலோ, மார்ச் மாதப் பொதுத்தேர்வின் இடையிலோ எடுத்த அளவு அந்தக் காலத்தை மட்டுமே காட்டும். அந்தப் பாதிப்பையே அளப்பது நோக்கமானால் அது வேறு.

கணக்கு எளிது. சுருக்கப் படிவத்தில் வலி, மருத்துவத் தேவை, மனச்சோர்வு ஆகிய மூன்று வினாக்களின் மதிப்பெண்ணை 6-இலிருந்து கழித்துத் திருப்பிக்கொள்ள வேண்டும். பிறகு உடல், மனம், சமூக உறவு, சுற்றுப்புறம் என்னும் நான்கு பகுதிகளில் ஒவ்வொன்றின் சராசரியை 4-ஆல் பெருக்கி, அதிலிருந்து 4-ஐக் கழித்து, 100-ஆல் பெருக்கி 16-ஆல் வகுத்தால் 0 முதல் 100 வரையிலான அளவு கிடைக்கும். சமூக உறவுப் பகுதியின் மூன்று விடைகள் 3, 2, 4 என்றால் சராசரி 3. இறுதி அளவு 50. அதில் பாலியல் வாழ்க்கை பற்றிய வினா வருவதால், நம் வீடுகளில் பலர் அதை விட்டுவிடுவார்கள். வற்புறுத்தாமல் மீதி இரண்டின் சராசரியைக் கொள்ளலாம், இரண்டு விடுபட்டால் அந்தப் பகுதியையே கணக்கிடக் கூடாது. ஏஎஸ்கியூஓஎல் மதிப்பெண்ணை இந்த நான்கு பகுதிகளோடு கலக்க வேண்டாம்.

மனச்சோர்வு வினாவுக்கு 'எப்போதும்' என்ற அட்டை வந்தால் மதிப்பெண் எழுதுவதோடு நிறுத்த முடியாது. அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு அல்லது 14416 என்னும் இலவச மனநல உதவி எண் உடனே கைக்கு எட்டும்படி இருக்கட்டும். பெற்றோரிடம் எதைச் சொல்வோம், எதைச் சொல்ல மாட்டோம் என்பதை முதல் வினாவுக்கு முன்பே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.