புது நாய்ஸ் மாட்யூலை ஓட்டிப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய்ஸ் மாட்யூல் என்பது மாடுலர் சின்தசைசரில் இரைச்சல் ஒலியை உண்டாக்கும் பகுதி. அதன் உயிரையே வாங்கிவிடும் தவறிலிருந்து ஆரம்பிக்கிறேன்: பவர் கொண்டுவரும் ரிப்பன் கேபிளைத் திருப்பிச் செருகுவது. யூரோராக் என்ற மாடுலர் சின்தசைசர் வகையில் கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம் வர வேண்டும். பெரும்பாலும் பலகையிலேயே அச்சிட்டிருப்பார்கள். இல்லையென்றால் கையேட்டைப் பார்க்காமல் சுவிட்சைப் போடாதீர்கள். பவர் ஓடும்போது கழற்றி மாட்டவும் வேண்டாம்.

அடுத்தது சத்தம். யூரோராக் ஒலி சிக்னல் சுமார் 10 வோல்ட் உச்சத்துக்கு உச்சம் ஆடும். கணினிக்குள் ஒலியைக் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் இன்புட் எதிர்பார்ப்பது அதைவிட ரொம்பக் குறைவு. வெள்ளை நாய்ஸில் மேல்ஸ்தாயி ஆற்றல் வேறு அதிகம். ட்வீட்டருக்கும் காதுக்கும் அது நல்லதல்ல. வால்யூமை அடியில் வைத்து, கேபிளைச் செருகிவிட்டு, அப்புறம் ஹெட்போனை மாட்டுங்கள்.

இனி எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் தவறு. நாய்ஸை நேரே ஸ்பீக்கரில் விட்டு, 'ஸ்ஸ்' என்று கொஞ்ச நேரம் கேட்டு, எல்லா மாட்யூலும் ஒன்றுதான் என்று முடிவு கட்டுவது. அதுவும் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்போது! சென்னை வெயிலில் கஷ்டம்தான், ஆனாலும் ஃபேனையும் ஏசியையும் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். வெள்ளை நாய்ஸில் ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் ஒரே ஆற்றல். பிங்க் நாய்ஸ், அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு ஆக்டேவுக்கும் 3 டெசிபல் இறங்கும். ஃபேன் காற்றின் இரைச்சல் அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

பிறகு நாய்ஸை ஃபில்டரில் (சில அதிர்வெண்களை வெட்டும் மாட்யூல்) விட்டு, ரெசனன்ஸை (வெட்டும் இடத்தைத் தூக்கிக்காட்டுவது) ஏற்றி, கட்ஆஃபை (வெட்டும் இடம்) மெதுவாகக் கீழே கொண்டுவாருங்கள். மாட்யூலின் குணம் அங்கேதான் தெரியும். டிஜிட்டல் நாய்ஸ் சிலவற்றில் ஷிஃப்ட் ரிஜிஸ்டர்தான் (பிட்டுகளை வரிசையாக நகர்த்தும் சுற்று) எண்களை உருட்டுகிறது. 17 பிட் ரிஜிஸ்டர் நொடிக்கு 40,000 முறை நகர்ந்தால், சுமார் 3.3 நொடிக்கு ஒருமுறை அதே வரிசை திரும்பி வரும். கூர்ந்து கேட்டால் காதில் பிடிபடும். அதைக் குறையாகவும் கொள்ளலாம், தாளமாகவும் பயன்படுத்தலாம்.

நாய்ஸை வெறும் ஒலியாக மட்டும் பார்ப்பதும் தவறுதான். ஒரு நொடியின் வோல்டேஜைப் பிடித்து வைத்திருக்கும் சாம்பிள் அண்ட் ஹோல்டில் கொடுத்தால் அதுவே தற்செயல் வோல்டேஜ். ஆனால் அப்படியே ஆசிலேட்டருக்கு (சுரத்தை உண்டாக்கும் மாட்யூல்) அனுப்பினால் சுரம் கண்டபடி தாவும், ஏனென்றால் ஒரு வோல்ட் ஒரு ஆக்டேவ். அளவைக் குறைக்கும் அட்டெனுவேட்டரால் ஒன்றிரண்டு வோல்ட்டுக்குச் சுருக்கி, வோல்டேஜை அருகிலுள்ள சுரத்தில் நிறுத்தும் குவான்டைசரில் ச, ரி2, க3, ப, த2 மட்டும் திறந்து வையுங்கள். மோகன ராகத்தின் சுரங்களுக்குள்ளேயே சுற்றிவரும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று: கரகரப்பு கேட்டவுடன் மாட்யூலைத் திருப்பி அனுப்பாதீர்கள். உப்புக்காற்றில் பேட்ச் கேபிளின் முனையும் ஜாக்கும் மங்கிப்போயிருக்கலாம். நாய்ஸுக்குள் அது சரியாகத் தெரியாது. அதே கேபிளில் ஒரு சைன் அலையை அனுப்பி, முனையை லேசாகத் திருகிப் பாருங்கள்.